கால் இஞ்ச் குட்டி ராட்செட்: மூன்று வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் மிஷின் மெயின்டனன்ஸ், எலெக்ட்ரிகல் பேனல், இடையிடையே ஸ்கூட்டர் சர்வீஸ். இந்த வேலைகளில் மூன்று வருடமாகத் தினமும் கைமாறிய கால் இஞ்ச் ராட்செட்டுகள் பற்றிய குறிப்பு இது. ராட்செட் என்பது நுனியில் சாக்கெட்டை மாட்டி, ஒரு திசையில் மட்டும் பிடித்துப் போல்ட்டைத் திருப்பும் கைப்பிடி. உள்ளே இருக்கும் பல் சக்கரம்தான் அந்தப் பிடிப்பைத் தருகிறது. மொத்தம் நான்கு வகை. சாக்கெட் செட்டோடு வந்த 36 பல் சாதா ராட்செட் ஒன்று. 72 பல்லில் 130 மி.மீ. கைப்பிடி கொண்டது ஒன்று. அதே 72 பல்லில் உள்ளங்கைக்குள் அடங்கும் 85 மி.மீ. குட்டை ஒன்று. பிட்டை நேராகச் செருகும் 60 பல் பிட் ராட்செட் ஒன்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பல்லை எண்ணி வாங்கியதைவிட, தலையின் உயரத்தை அளந்து வாங்கியதுதான் இடுக்கில் உதவியது.

கால் இஞ்ச் என்பது சாக்கெட்டுக்குள் போகும் சதுரத்தின் அளவு, 6.35 மி.மீ. பழைய ஆட்கள் இதை ரெண்டு நூல் என்பார்கள், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இந்தி பேசும் கடையில் ‘தோ சூத்’ என்று கேட்டாலும் இதுதான் வரும். அடுத்தது மூணு நூல், அதாவது 9.5 மி.மீ. அதற்கும் மேலே அரை இஞ்ச். M4, M5, M6 போல்ட்டுகள்தான், அதாவது 4, 5, 6 மி.மீ. தடிமன் உள்ளவைதான், கால் இஞ்சின் உண்மையான எல்லை. அவற்றின் தலைக்கு 7, 8, 10 மி.மீ. சாக்கெட் போதும். 12, 13 சாக்கெட்டுகளும் செட்டில் இருக்கும். அவற்றால் ஏற்கெனவே தளர்த்திய நட்டை வேகமாகச் சுழற்றி எடுக்கலாம், இறுக்கத்தை உடைக்கக் கூடாது.

கடைக்காரர் முதலில் சொல்வது பல் எண்ணிக்கைதான். 360-ஐப் பல்லால் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும்: 36 பல்லுக்கு 10, 72-க்கு 5, 90-க்கு 4, 120-க்கு 3. 130 மி.மீ. கைப்பிடியின் நுனி 10 டிகிரிக்கு ஏறக்குறைய 23 மி.மீ. நகர வேண்டும். 5 டிகிரிக்கு 11 மி.மீ., 3 டிகிரிக்கு 7 மி.மீ. காகிதத்தில் பார்த்தால் 120 பல்தான் ராஜா.

கையில் எடுத்தால் கணக்கு மாறும். பல்லைத் தடுத்துப் பிடிக்கும் நாக்கில் ஒரு ஆட்டம், சதுரத்துக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு ஆட்டம், சாக்கெட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் இன்னொன்று. எல்லாம் சேர்ந்து நாலைந்து டிகிரியைத் தின்றுவிடும். 3 டிகிரி என்று வாங்கியது கையில் 7, 8 ஆகும். 5 டிகிரி 9, 10 ஆகும். இரண்டுக்கும் இடையே விளம்பரம் காட்டும் தூரம் இல்லை. இதில் 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ராடு வேறு போட்டால் இன்னும் மோசம். 8 மி.மீ. தடிமன் கொண்ட அந்த ராடு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இரண்டரை, மூன்று டிகிரி முறுக்கிக்கொள்ளும். கோணத்தில் மடங்கித் திரும்பும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் சேர்ந்தால் நுண்பல்லுக்குக் கொடுத்த காசு அதன் ஆட்டத்திலேயே போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைப்பிடி குட்டையானால் நுனி நகர வேண்டிய தூரமும் குறையும். 85 மி.மீ. குட்டையில் 5 டிகிரிக்கு 7.4 மி.மீ. நகர்ந்தால் போதும். நீளமான 120 பல் ராட்செட்டுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் வேண்டும். எனவே 72 பல்லோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல 10 சாக்கெட் ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். 120 என்று விற்பவற்றில் உண்மையில் 120 பல் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கியர்ரெஞ்ச் நிறுவனத்தின் 120 எக்ஸ்பி மாடலில் சக்கரத்துக்கு 60 பல்தான். இரண்டு அடுக்கு நாக்குகள் மாறி மாறிப் பிடிப்பதால் 120 நிலை கிடைக்கிறது. கெட்டிக்காரத்தனமான அமைப்புதான். ஆனால் உள்ளே நகரும் பாகம் கூடுவதால், கூலன்ட் மூடுபனியும் வார்ப்பிரும்புத் தூளும் பறக்கும் மிஷின் ஷாப்பில் சுத்தம் செய்யும் வேலையும் கூடும்.

இனி உயரம். இடுக்கில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். M6 அறுகோணப் போல்ட்டின் தலை 4 மி.மீ. உயரம். சாதா கால் இஞ்ச் சாக்கெட் 25 மி.மீ. அதன்மேல் ராட்செட் தலை, திசை மாற்றும் லீவரையும் சேர்த்து, மெலிந்ததாக இருந்தால் 15 மி.மீ. கூட்டிக் கழித்தால் போல்ட் தலைக்கு மேலே 36 மி.மீ. காலி இடம் வேண்டும். செட்டோடு வந்த தடித்த தலைக்கு 22 மி.மீ. ஆனது, அதற்கு 43 வேண்டும். இந்த 7 மி.மீ.-தான் சர்வோ மோட்டார் கனெக்டருக்குப் பின்னால் இருக்கும் போல்ட்டை எட்டுவதா, கவரையே கழற்றுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. கடைக்குப் போகுமுன் உங்கள் வேலையில் அடிக்கடி மாட்டும் இடுக்கை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தலையின் அகலத்தையும் பாருங்கள். சுவரோரப் போல்ட்டுக்கு உயரத்தைவிட அதுதான் இடிக்கும்.

தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட் அதிகம் உள்ள இடத்தில் பிட் ராட்செட்டை எதுவும் ஜெயிக்கவில்லை. 25 மி.மீ. பிட் தலைக்குள்ளேயே இறங்கி உட்காருவதால் மொத்த உயரம் 30 மி.மீ.-ஐத் தாண்டாது. M4-க்கு 3, M5-க்கு 4, M6-க்கு 5, M8-க்கு 6 மி.மீ. பிட். லீனியர் கைடு கவர், கேபிள் செயின் பிராக்கெட் போன்ற இடங்களில் எல் வடிவ ஆலன் கீயைப் பிடுங்கித் திருப்பிப் பிடுங்கும் தொல்லை ஒழிந்தது. குறை ஒன்று உண்டு: M6 ஆலன் போல்ட்டின் குழி ஆழம் 3 மி.மீ. சொச்சம்தான். குழியில் பர், அதாவது உலோகப் பிசிறு, இருந்தால் பிட் முழுக்க இறங்காது, மேலே மட்டும் பிடித்து வழித்துவிடும். ஊசியால் குழியைச் சுரண்டி, ஏர் அடித்துவிட்டுப் பிட்டைப் போடவும்.

மேலே 25 மி.மீ. கூட இல்லையா? ராட்செட்டை விட்டுவிடுங்கள். ராட்செட் உள்ள ரிங் ஸ்பேனர், கடையில் கியர் ஸ்பேனர் என்பார்கள், 10 சைஸில் தலை 8 மி.மீ. தடிமன்தான். அது தனி அளவுக்குத் தனி ஸ்பேனர், பையில் எடை கூடும். ஆனால் அந்த இடுக்கில் வேறெதுவும் போகாது.

பலரும் ஒருமுறை மாட்டிக்கொண்டே கற்பது இது: போல்ட்டைக் கழற்றும்போது அது மேலே வரும், கூடவே ராட்செட்டும் மேலே வரும். M6-இன் மரை இடைவெளி 1 மி.மீ. தலைக்கு மேல் 4 மி.மீ. மட்டும் மிச்சமிருந்தால் நாலாவது சுற்றில் ராட்செட் மேல் தகட்டில் முட்டி நிற்கும். லீவர் தகட்டுக்கும் தலைக்கும் நடுவே நசுங்கியிருக்கும். திசை மாற்ற முடியாது, எடுக்கவும் முடியாது. முதல் இரண்டு சுற்று ராட்செட்டால், பிறகு விரலால் சாக்கெட்டை மட்டும் சுற்ற வேண்டும். லீவர் தலையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மாடலாக இருந்தால் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் பக்கவாட்டில் தட்டித் திருப்பிவிடலாம். முகப்பு வட்டத்தைச் சுழற்றித் திசை மாற்றும் மாடலில் அந்த வசதி கிடையாது.

சாக்கெட்டை விடுவிக்கும் பட்டன் பற்றியும் எச்சரிக்கை உண்டு. மேசைமேல் வசதியான பட்டன், இடுக்கில் சுவரில் பட்டு அழுந்தினால் சாக்கெட்டை உள்ளே தள்ளிவிடும். கியர்பாக்ஸ் மேலேயோ பேனலில் மின்சாரம் பாயும் பஸ்பார் பட்டைக்குப் பக்கத்திலோ 10 சாக்கெட் விழுந்தால் அன்றைய நாள் போச்சு. இடுக்கு வேலைக்கு வெறும் ஸ்பிரிங் குண்டு உள்ள சதுரமே நல்லது. குண்டு தேய்ந்து சாக்கெட் வழுவினால் மாற்ற வேண்டிய காலம்.

பல்லைவிட முக்கியம் என்று நான் சொல்லும் இரண்டாவது விஷயம், திரும்பும்போது உள்ள இழுப்பு. கைப்பிடியைப் பின்னோக்கிக் கொண்டுவரும்போது ராட்செட் கொஞ்சம் இழுக்கும். நட் லூசானதும் அந்த இழுப்பே நட்டையும் சேர்த்துப் பின்னால் திருப்பிவிடும். டிக் டிக் என்று சத்தம் வரும், வேலை நகராது. அப்போது ஒரு விரலால் சாக்கெட்டைத் தடுத்துப் பிடிக்க வேண்டும், இடுக்கில் விரல் போகுமானால். கடையிலேயே சோதிக்கலாம். 10 சாக்கெட்டை மாட்டி, இரண்டு விரலால் சாக்கெட்டை லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னால் திருப்புங்கள். சாக்கெட் விரலோடு வழுக்கிச் சுழன்றால் வேண்டாம்.

மற்றபடி எஸ்.பி. ரோட்டிலோ ஜே.சி. ரோட்டிலோ வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வெர்னியரால் சதுரத்தை அளந்தால் 6.35-ஐத் தாண்டக் கூடாது, அதைவிட மிகவும் குறையவும் கூடாது. பின்தகடு ஸ்க்ரூவில் பூட்டியதா, ரிவெட் அடித்ததா என்று திருப்பிப் பாருங்கள். ரிவெட் என்றால் சர்வீஸ் இல்லை. ரிப்பேர் கிட் கிடைக்குமா என்று கேட்டுவையுங்கள். தலை மடங்கும் மாடல் எட்டாத இடத்துக்குக் கை கொடுக்கும். வேரா நிறுவனத்தின் ஸைக்ளோப் ஸ்பீடு போன்றவை 72 பல்லில் தலை திரும்பும்படி வருகின்றன. விலை மலிவான மடக்குத் தலைகளில் ஆறேழு மாதத்தில் மூட்டு தொளதொளத்துத் தலை தானாகச் சாய்கிறது. சாய்ந்த தலையில் அழுத்தினால் சாக்கெட் கோணலாக ஏறிப் போல்ட் தலையின் மூலைகள் மழுங்கும்.

விசைக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைக்கவும். 8.8 கிரேடு (போல்ட்டின் வலிமைக் குறி) M6-க்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கம் போதும், M5-க்கு 5.5 முதல் 6, M4-க்கு 3. 130 மி.மீ. கைப்பிடியில், நடு உள்ளங்கை 100 மி.மீ. தள்ளிப் பிடித்தால், M6-க்கு சுமார் 10 கிலோ அழுத்தம். 85 மி.மீ. குட்டையில் பிடி 60 மி.மீ.-இல் விழும், அதே இறுக்கத்துக்கு 17 கிலோ வேண்டும். இடுக்கில் கட்டைவிரலால் அது வராது. ஆகவே குட்டையால் M6-ஐ முழுக்க இறுக்கினேன் என்று நம்பி மூடி போடாதீர்கள். மாறாக, அலுமினிய ஹவுசிங்கில் M4, M5-ஐ நீளக் கைப்பிடியால் இறுக்கினால் மரை உருவிவிடும். அங்கே கைப்பிடியைத் தலைக்குப் பக்கத்தில் சுருக்கிப் பிடிக்க வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டை ராட்செட்டால் உடைக்கக் கூடாது. பைப் போட்டு நீட்டவே கூடாது. ரிங் ஸ்பேனராலோ டி ஹேண்டிலாலோ கால் சுற்று உடைத்துவிட்டு ராட்செட்டைப் போட வேண்டும். ஒருமுறை பல் தாவிவிட்டால் பல்லின் விளிம்பு உருண்டுவிடும், அடுத்த தடவை இன்னும் குறைந்த விசையிலேயே தாவும். அதன்பின் அந்த ராட்செட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. சக்கரமும் நாக்கும் மாற்ற வேண்டியதுதான். மூணு நூல் அடாப்டரை மாட்டிப் பெரிய சாக்கெட் போடுவதும் இதே தப்பின் இன்னொரு வடிவம்.

அப்பார்ட்மென்ட் யூ.பி.எஸ். அறைகளில் பேட்டரி கனெக்‌ஷனுக்கு இந்தக் குட்டியைத்தான் பலரும் எடுக்கிறார்கள். குட்டையாக இருப்பதால் இரண்டு டெர்மினலை இணைத்துவிடும் ஆபத்து குறைவு, ஆனால் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளில் அந்த ஆபத்து போகவில்லை. கைப்பிடியில் உள்ள ரப்பர் இன்சுலேஷன் அல்ல. முழு ராட்செட்டும் மின்காப்புக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60900 முத்திரை உள்ளதாக இருந்தால்தான் 1000 வோல்ட் கணக்கு. சாதாரணக் கருவிதான் கையில் என்றால் முதலில் நெகட்டிவைக் கழற்றவும், சாக்கெட்டின் வாய் தவிர மற்றதெல்லாம் டேப் சுற்றவும், மோதிரத்தைக் கழற்றி வைக்கவும்.

நட் சாக்கெட்டுக்குள் நிற்காமல் விழுந்தால் காந்த சாக்கெட் தேட வேண்டாம். ஒரு துண்டு செய்தித்தாளை நட் மேல் வைத்துச் சாக்கெட்டை அழுத்தினால் போதும், தலைகீழாகவும் நிற்கும். கிரீஸ் தடவுவதைவிட இது சுத்தம்.

சர்வீஸ்: மிஷின் ஷாப்பில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சாதா வேலைக்கு வருடம் ஒருமுறை. ராட்செட்டை ஒரு பெரிய வெள்ளைப் பாலிதீன் பைக்குள் வைத்துப் பிரிக்கவும். ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்தால் பைக்குள்ளேயே விழும். பிரிக்கும் முன் நாக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி உலர்த்தவும். ரப்பர் கைப்பிடி அதில் ஊறக்கூடாது, உப்பிவிடும். பேரிங் கிரீஸை அப்பிவிடுவது பலரும் செய்யும் தவறு: நுண்பல் ராட்செட்டில் கெட்டிக் கிரீஸ் நாக்கைப் பல்லின் அடிவரை இறங்க விடாது, இழுப்பும் கூடும், தாவவும் செய்யும். இரண்டு சொட்டு மெல்லிய மிஷின் ஆயில், அல்லது விரலில் தேய்த்தால் படலமாகத் தெரியும் அளவு மென்கிரீஸ் போதும். பின்தகட்டு ஸ்க்ரூக்களுக்கு ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஊசி முனையளவு வையுங்கள். உள்ளே வழிந்தால் நாக்கே ஒட்டிக்கொள்ளும். எங்கள் 130 மி.மீ. ராட்செட்டில் இரண்டு வருடத்தில் கழன்று வந்த ஒரே பாகம் அந்த ஸ்க்ரூதான், அதுவும் ஒரு ஸ்பிண்டில் மோட்டார் ஃபேன் கவருக்குள் விழுந்தது.