பழைய கொல்லுப்பட்டறைச் சாமான்கள்: வாங்கினால் வேலைக்கு ஆகுமா?

சென்னை கொரட்டூரில் கிரில், கேட் செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் உண்டு. அவற்றுக்கு நடுவே ஒரு பழைய பட்டடைக்கல் (காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டை), கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கால் வைஸ், ஒரு கட்டுக் குறடுகள், உலைக்குக் காற்றடிக்கக் கையால் சுற்றும் ப்ளோயர் ஆகியவற்றையும் பல வருஷமாக வைத்து வேலை வாங்கிக்கொண்டிருக்கிறேன். "இதெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. "எங்கே கிடைக்கும், என்ன பார்த்து வாங்கணும்?" என்று கேட்பவர்களும் உண்டு. இது அந்த இரண்டாவது கூட்டத்துக்கு.

பட்டடைக்கல்லைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என்னுடையது இங்கிலாந்தின் பீட்டர் ரைட் கம்பெனிக் கல். பக்கவாட்டில் தேய்ந்த எழுத்துகளுக்குக் கீழே 1, 2, 8 என்று மூன்று எண்கள் இருக்கும். விற்றவர் மாடல் நம்பர் என்றார். அது எடை. முதல் எண்ணை 112 பவுண்டால் பெருக்க வேண்டும், இரண்டாவதை 28 பவுண்டால், மூன்றாவது வெறும் பவுண்டு. கூட்டினால் 176 பவுண்டு, ஏறக்குறைய 80 கிலோ. பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில்தான் பேரம் நடக்கும் என்பதால், தராசில் ஏற்றுவதற்கு முன்பே கணக்குத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வகைக் கல்லின் உடம்பு தேனிரும்பு, அதாவது மென்மையான இரும்பு. மேல்முகம் மட்டும் எஃகுத் தகடு, உலையில் காய்ச்சி அடித்தே ஒட்டியது. அந்தத் தகடு அரை அங்குலம் மிச்சமிருந்தாலே அதிர்ஷ்டம். அதனால் மேலே குழியும் வடுவுமாக இருக்கிறது என்று மெஷினில் கொடுத்து மட்டம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். வெல்டிங் வைத்து மேடேற்றுவது அதைவிடக் கேடு, சூட்டில் எஃகின் கடினம் போய்விடும். நடுவில் லேசான பள்ளம் இருப்பது குறையே இல்லை. வளைந்த கம்பியை நேராக்க அந்தப் பள்ளம்தான் எனக்கு வசதி.

வாங்கும்போது பையில் ஒரு பேரிங் குண்டு கொண்டுபோங்கள். பத்து அங்குல உயரத்திலிருந்து கல்லின் மேல் போடுங்கள். ஏழெட்டு அங்குலம் எகிறினால் நல்ல கல். பாதியிலேயே அமுங்கிப்போனால் முகம் செத்துவிட்டது. சுத்தியலால் அங்கங்கே தட்டியும் பாருங்கள். எல்லா இடத்திலும் கணீரென்று கேட்டு ஓரிடத்தில் மட்டும் 'டப்' என்றால், அங்கே தகடு உடம்பை விட்டுப் பிரிந்திருக்கலாம். பளபளவென்று பெயின்ட் அடித்து வரும் புதிய வார்ப்பிரும்புக் கற்கள் பெரும்பாலும் இந்தக் குண்டுச் சோதனையிலேயே தோற்றுவிடும். அவற்றின் விளிம்பும் சீக்கிரம் உதிரும். நல்ல கல்லில் அடித்த சுத்தியல் தானே மேலே வரும், நாம் தூக்க வேண்டியதில்லை. இதன் அருமை சாயங்காலம் தோள்பட்டையில் தெரியும்.

கல் கிடைக்காதவர்கள் தண்டவாளத் துண்டு தேடுவார்கள். வேலைக்கு ஆகும், ஆனால் மீட்டருக்கு 52 கிலோ உள்ள தண்டவாளத்தில் ஓர் அடித் துண்டு 16 கிலோதான் வரும். படுக்க வைத்து அடித்தால் துள்ளும், நிமிர்த்தி நட்டால் பரவாயில்லை. பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது.

என் பட்டறையில் தினமும் காசு பார்ப்பது கால் வைஸில்தான். சாதாரண வைஸ் வார்ப்பிரும்பு, அதில் கம்பியைப் பிடித்துச் சம்மட்டியால் அடித்தால் ஒருநாள் தாடை விண்டுபோகும். கால் வைஸ் அடித்துச் செய்தது, கால் தரையில் ஊன்றியிருக்கும், அடி நேராகத் தரைக்கு இறங்கிவிடும். 12 எம்எம் சதுரக் கம்பியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி இதில் பிடித்து, மேலே ஸ்பானர் மாட்டி முறுக்கினால் முறுக்கு ஒரே சீராக விழும். அந்த முறுக்குக் கம்பி வைத்த பால்கனி கிரில்லுக்கு வாடிக்கையாளர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஸ்க்ரூவும் அது நுழையும் குழலும். மரை தேய்ந்து ஆடினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தாடையைத் திறக்கும் ஸ்பிரிங் இல்லை என்றால் கவலையில்லை, புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் நாமே அடித்துக்கொள்ளலாம்.

அடுத்த வருமானம் கடப்பாரையும் உளியும். பழைய வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டாத தெரு நம்ம ஊரில் ஏது? இடிக்கிற ஆட்கள் முனை மழுங்கிய உளிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். கிரைண்டரில் தேய்த்தால் உளி குட்டையாகும், சூடேறி முனை மென்மையாகவும் போகும். உலையில் காய்ச்சி, கல்லில் வைத்து நீட்டி அடித்து, முனையை மட்டும் தண்ணீரில் காட்டி எடுக்க வேண்டும். உடனே சாணைக்கல்லில் ஒரு தேய் தேய்த்து வெள்ளி மாதிரிப் பளபளக்க வைத்தால், மேலே மிச்சமிருக்கும் சூடு முனையை நோக்கி இறங்குவது நிறமாகவே தெரியும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக வரும். ஊதா முனையைத் தொட்டதும் திரும்பத் தண்ணீரில் போட வேண்டும். மஞ்சளிலேயே நிறுத்தினால் முனை தெறிக்கும், நீலம் தாண்டவிட்டால் மடங்கும். துவைச்சல் என்பது இதுதான். இதற்கு மெஷின் எதுவும் தேவைப்படவில்லை.

குறடுகளை உருப்படிக்கு இவ்வளவு என்று இல்லாமல் கட்டாக வாங்குங்கள். ஒவ்வொன்றும் முன்பு வைத்திருந்தவரின் வேலைக்கு ஏற்றபடி வாய் வளைந்திருக்கும். காய்ச்சி நம் கம்பியின் கனத்துக்கு அடித்துக்கொள்ளலாம். ஒரு பக்கக் காலைப் பிடித்துத் தூக்கினால் மறுகால் தானாக விழ வேண்டும், அந்த அளவு ரிவெட் இளகியிருந்தால் போதும். பழைய சுத்தியல் தலைகளும் நல்லவைதான். பூ மாதிரி விரிந்திருக்கும் விளிம்பை மட்டும் தேய்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் சில்லு தெறித்துக் கண்ணில் அடிக்கும்.

தோல் துருத்தியை விட்டுவிடுங்கள். சென்னை ஈரத்தில் தோல் உளுக்கும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். ஹேண்ட் ப்ளோயர் அப்படியில்லை, பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டால் கரன்ட் போனாலும் வேலை ஓடும். சுற்றுவதை நிறுத்தினால் கரி வீணாவதும் நின்றுவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பட்டறைக்குள் தண்ணீர் நின்றது. வெல்டிங் மெஷினும் கிரைண்டர்களும் ரிப்பேருக்குப் போயின, ஒன்றிரண்டு திரும்பவே இல்லை. பழைய சாமான்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழிவு ஆயில் தடவியதோடு சரி.

விலை என்று பார்த்தால், மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு எல்லாம் ஓரிடத்தில் கிடைத்த காலம் போயிற்று. வடசென்னை குடோன்களில் அலைந்தால் பழைய இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து முடிக்கலாம். இதையே கருப்பு பெயின்ட் அடித்துக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்து விற்கும் கடைகளில் நான்கைந்து மடங்கு கேட்பார்கள். ஹோட்டல் வாசலில் வைக்க என் கல்லையே ஒருவர் அந்த விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு இதே தரத்தில் புதிய கல் இங்கே எனக்குக் கிடைக்காது.

இப்போது தேடுவது ஸ்வேஜ் கட்டை, நாலு பக்கமும் அரைவட்டமும் கோணமுமாகப் பள்ளம் உள்ள கனத்த வார்ப்பு. ஒன்று இருப்பதாக ராயபுரத்தில் சொன்னார்கள். விரிசல் இல்லாமல் இருந்தால் குட்டியானை பேசி ஏற்றிவர வேண்டியதுதான்.