இலை வெட்டின சைகாடை வாங்காதீர்கள்

டர்பன் பக்கம் இருக்கிறவர்கள் குள்ள சைகாட் (பனை மாதிரி இலை விடும், பூக்காத பழங்காலச் செடி) வாங்கப் போனால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன வருஷம் மே மாதம் சாட்ஸ்வொர்த்தில் ஒருவன் பக்கியில் (சின்ன சரக்கு வண்டியில்) வைத்து விற்ற செடிக்கு 4,500 ராண்ட் கொடுத்தேன். "ங்கோயெ காட்டுச் சாதி அங்கிள், நர்சரியில் விதை போட்டு வளர்த்தது, பெர்மிட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்" என்றான்.

இலையெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. கேட்டால், நட்டதும் வேர் பிடிக்கத்தான் என்றான். இடம் மாற்றும்போது இலையைக் கழிப்பது வழக்கம்தான், அதனால்தான் நம்பிவிட்டேன். ஆனால் என்செஃபலார்டஸ் என்கிற ஆப்பிரிக்க சைகாட் இனத்தில், அவன் சொன்ன ங்கோயெ சாதியான ங்கோயானஸ், அதன் உறவான வில்லோசஸ் இரண்டுக்குமே தண்டு மண்ணுக்குள் இருக்கும், இலை இல்லாத கட்டையை வைத்துக்கொண்டு எது எது என்று என்னைப் போன்றவர்களால் சொல்லவே முடியாது.

செப்டம்பரில் குருத்து விட்டது. ங்கோயானஸ் இலை ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போகாது, இது ஒன்றரை மீட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் ஒருநாள் இலைக்காம்பில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தேன். சிற்றிலைகள் வரவரச் சிறுத்து, அடியில் வெறும் முள்ளாகவே முடிந்தன. அது வில்லோசஸ். ங்கோயானஸில் அடிச் சிற்றிலை முள்ளாக மாறாது, ஓரத்தில் பல்லும் ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்றுதான், என் செடியில் அதைவிட நிறைய. சிலர் தோட்டங்களில் சாதாரணமாக வளர்க்கிற சேகோ பனையையே சைகாட் அபூர்வ ரகம் என்று தள்ளிவிடுகிறார்கள். அதைப் பிடிப்பது சுலபம், சிற்றிலையின் நடுவே ஒற்றை நரம்பு ஓடும், என்செஃபலார்டஸில் நடு நரம்பே கிடையாது.

பணம் போனதைவிட வயிற்றெரிச்சல் வேறு. செடியைத் தொட்டி மாற்றும்போது பார்த்தேன், ஆணிவேரில் மண்வெட்டி பட்டு அறுந்த பழைய வெட்டு. விதை போட்டுத் தொட்டியில் வளர்ந்த செடிக்கு அந்தக் காயம் எப்படி வரும்? காட்டிலிருந்து தோண்டியிருக்கிறார்கள். நம் நாட்டு என்செஃபலார்டஸ் எல்லாமே சைட்டீஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கின்றன, வாங்க, விற்க, வீட்டில் வைத்திருக்கக்கூட பெர்மிட் வேண்டும். அவன் அனுப்பின பெர்மிட்டில் இருந்தது வேறு யாரோ ஒருவர் பெயர், நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

அவன் நம்பர் இப்போது எடுப்பதில்லை. யாராவது விற்க வந்தால், இலையின் அடிப்பகுதியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெர்மிட்டில் விற்கிறவர் பெயரும் செடியின் பெயரும் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள்.