இருபது தடவை பார்த்த ஒரே கதை: ஒவ்வொரு தவக்காலமும் திருப்பாடுகளின் காட்சிக்குப் போகலாமா?

2003 தவக்காலத்தில், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நோன்பு நாட்களில், அம்மம்மாவின் பனையோலைப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்குக் கோயிலின் திருப்பாடுகளின் காட்சி, இயேசுவின் பாடுகளையும் சாவையும் நடித்துக் காட்டும் நாடகம், பார்க்கப் போனேன். போரில் மூடிக்கிடந்த ஏ9 பாதை, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் தரைவழி, திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. போரால் சனம் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் கோயில் முற்றத்தில் இரவில் நாடகம் நடந்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து 2024 வரை, 2020, 2021 இரண்டையும் விட்டால், ஒரு வருடமும் தவறவிடவில்லை. இருபது தடவை. முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதை.

கனடாவில் இருக்கும் மச்சாள் போன மார்கழியில் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. அவள் ஒவ்வொரு நத்தாருக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 'நட்கிராக்கர்' பாலே பார்க்கப் போகிறவள். சைக்கோவ்ஸ்கியின் இசையில் 1892 இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் முதன்முதல் மேடையேறியது அது. இன்றைக்கு வட அமெரிக்காவில் மார்கழி வந்தால் ஊருக்கு ஊர் அதுதான். "ஒவ்வொரு வருசமும் அதே பொம்மை, அதே பனி, அதே பாட்டு. காசும் கனக்கப் போகுது. இனி விடுவமோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் வருசா வருசம் பாஸ் பாக்கிறனீங்களெல்லே மச்சான், உங்களுக்கு அலுக்கேல்லையோ?" என்றாள். திருப்பாடுகளின் காட்சியைப் பழைய ஆட்கள் இன்னும் பாஸ் என்றுதான் சொல்வார்கள். மரச்சிலைகளை அசைத்துக் காட்டிய உடக்குப் பாஸ் காலத்துப் பேச்சு.

அலுத்தது. அதை மறைக்கத் தேவையில்லை. மூன்றாம், நாலாம் வருடங்களில் பிலாத்து கை கழுவும் இடத்தில் எனக்கு நித்திரை தூங்கியது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை திரும்ப மூடிய பிறகு இரவு ஊரடங்கு. நாடகம் பின்னேர வெயிலுக்கு மாறியது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயம் பகலில் சாயமாகத்தான் தெரியும். அந்த வருடங்களில் போனதற்கு ஒரே காரணம், அம்மம்மாவைத் தனிய விட முடியாது என்பது.

அலுப்பு எப்போது போனது என்று யோசித்தால், சேவல் கூவ முன் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்த சீடர் இராயப்பராக (பேதுருவாக) நடித்த மனிதரை எனக்குத் தெரியவந்த பிறகுதான். கரையோரப் பங்கு எங்களது. நடிகர்களில் பாதிப்பேர் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒத்திகை கடலைப் பார்த்துத்தான் வைக்கப்படும். காற்று நல்லதென்றால் அன்றைக்கு ஒத்திகை இல்லை. இராயப்பராக வந்தவரிடம்தான் எங்கள் வீட்டுக்கு மீன் வாங்குவோம். வலைக் கயிறு அறுத்த கைகள். "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று மூன்றாம் தரம் சொல்லிவிட்டு அவர் அந்தக் கைகளால் முகத்தை மூடும்போது, வேடம் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு நான் கதையைப் பார்க்கப் போவதை விட்டுவிட்டேன். இந்த முறை யார், எப்படிச் செய்கிறார் என்று பார்க்கப் போகத் தொடங்கினேன். ஒரு வருடம் யெருசலேம் பெண்களில் ஒருத்தியாக நின்று அழுத சிறுமி ஐந்து வருடம் கழித்து, இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்காவாக வருவாள். இயேசுவைக் காட்டிக்கொடுக்கும் யூதாஸ் வேடத்துக்கு மட்டும் லேசில் ஆள் கிடைக்காது. அப்படியும் அதை 11 வருடம் தொடர்ந்து செய்த ஒருவர் இருந்தார். முப்பது வெள்ளிக்காசை அவர் எறியும் விதம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது: ஒரேயடியாக எறியமாட்டார், கடைசிக் காசு கையில் ஒட்டிக்கொண்டதுபோல உதறுவார்.

இதைச் சொன்னால் பெரிய மேடைக் காட்சிகள் எனக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் திருப்பாடுகளைப் பெரிய அரங்குக் கலையாக வளர்த்தவர் நீ. மரியசேவியர் அடிகள். 1965 இல் அவர் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் தவக்கால மேடையேற்றங்களுக்குச் சைவச் சனமும் வரும். அயல்வீட்டுச் சைவ மாமி என்னோடு இரண்டு தடவை வந்து, நல்லூர்த் தேருக்கு விரதம் இருப்பதுபோல அன்று மச்சம் சாப்பிடாமல் வந்திருந்தா. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நான் பெரிய மேடையைத்தான் சொல்வேன். ஒளி, கூட்டக் காட்சிகள், காட்சி மாறும் வேகம் எல்லாம் பங்கு முற்றத்தில் கிடைக்காது. வருடா வருடம் போகிறதென்றால் உங்கள் ஊர் முற்றத்துக்குப் போங்கள்.

ஒரு விசயத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. வசனத்தையும் பாட்டையும் முதலே பதிவு செய்து ஓடவிட்டு, மேடையில் வாயசைக்கும் முறை. காரணம் விளங்குகிறது: முற்றத்துக் காற்றில் ஒலிவாங்கி இரையும், எல்லாருக்கும் பாட்டு வராது. ஆனால் ஒரு வருடம், ஊர் பேர் சொல்லவில்லை, கல்வாரிக் காட்சியில் ஒலித்தட்டு சிக்கி, "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற வரி திரும்பத் திரும்ப ஓடியது. சிலுவையில் நின்ற பெடியன் வாயை மூடிக்கொண்டு கண்ணீரோடு நின்றான். அவனுக்கு அந்த வசனம் முழுக்கப் பாடம். அவனே சொல்லியிருப்பான். சொல்ல விடவில்லை. அந்த முகத்தை நினைக்க இப்போதும் மனம் வருந்துகிறது.

2019 இல் பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி எங்கள் நாடகம். ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அடுத்த தவக்காலம் கொரோனா ஊரடங்கு. அதற்கடுத்த வருடமும் எங்கள் பங்கில் நாடகம் இல்லை. 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்றுதான் மரியசேவியர் அடிகள் காலமான செய்தி வந்தது. வீட்டில் அன்றிரவு வியாகுலப் பிரசங்கம் வாசித்தோம். கோவாவில் பிறந்து 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமி, ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில் எழுதியது. மேடை இல்லாத இடத்தில் திருப்பாடுகளைக் குரலாலேயே கண்முன் நிறுத்திய நூல். அம்மம்மா இருந்திருந்தால் இராகம் பிசகாமல் இழுத்திருப்பா. எங்களுக்கு அரைகுறைதான் வந்தது.

ஆகவே குண்டுவெடிப்புக்குப் பிறகு நாங்கள் பார்த்த முதல் காட்சி 2022 இல். அந்தப் பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, படகுகளுக்கே மண்ணெண்ணெய் இல்லை. நிறுத்துவோம் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு பின்னேரம் நாலரைக்கு, மேடை இல்லாமல், முற்றத்து மணலிலேயே நடத்தினார்கள். ஒலிவாங்கி இல்லாததால் சனம் கதிரைகளை விட்டு எழும்பி மூன்று பக்கமும் நெருங்கி உட்கார்ந்தது. எனக்கும் இயேசுவுக்கும் நடுவில் இரண்டு பாய் அகலம்தான். சிலுவையைத் தூக்கச் சீரேனே ஊர் சீமோனைப் பிடித்து இழுத்தபோது அவருடைய செருப்பு என் காலடியில் வந்து விழுந்தது. மாதா மகனை மடியில் கிடத்தி ஒப்பாரி எடுத்தா. முதல் இரண்டு வரி அவ தனியப் பாடினா. மூன்றாம் வரியில் பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் சேர்ந்தது. அதற்குப் பிறகு முற்றம் முழுக்கப் பாடியது. எந்தப் பிள்ளைக்காக யார் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எத்தனையோ பேர் இருந்தார்கள். இருபது தடவையில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் திரும்பக் கிடைக்கும் என்றால் அந்தப் பின்னேரத்தைத்தான் கேட்பேன்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு: ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம். என் மகள் ஐந்து வயதில் சாட்டையடிக் காட்சியில் வீரிட்டு அழுது, இரண்டு கிழமை தனியப் படுக்க மறுத்தாள். எட்டில் அவளே முன் வரிசை கேட்டாள். பங்குகளில் பெரும்பாலும் ரிக்கற் இல்லை, விரும்பியதைப் பெட்டியில் போடலாம். ஒரு நாளுக்கு மேல் நடந்தால் இரண்டாம் இரவுக்குப் போங்கள். முதல் இரவில் நடிகர்களுக்குப் படபடப்பு இருக்கும். கதிரையை நம்பாமல் பாய் கொண்டு போங்கள், நுளம்புத் திரியும். தண்ணீர் கட்டாயம், அந்த மாதப் புழுக்கம் தெரிந்ததுதானே.

மச்சாளுக்கு நான் சொன்னது இதுதான்: மேடையில் ஆடுகிற ஒரு பிள்ளையையாவது தெரிந்துகொண்டு போய்ப் பாருங்கோ, அப்படி ஒருத்தரும் அங்கே இல்லையென்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை காணும். அவள் பக்கத்துத் தெருவில் பாலே வகுப்புக்குப் போகும் ஒரு சிறுமி, சுண்டெலியாக வருகிறாளாம். "அப்ப போகத்தான் வேணும்" என்றாள்.

எங்கள் பங்கில் இந்த வருட ஒத்திகை தொடங்கிவிட்டது. பழைய இராயப்பருக்கு முழங்கால் ஏலாது. அவருடைய மூத்த மகன் செய்கிறான். போன செவ்வாய் எட்டிப் பார்த்தேன்: தகப்பன் கதிரையில் இருந்துகொண்டு, "கையைக் கெதியா மூடாதை, முதல்ல சேவல் கூவுறதைக் கேள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.