‘அ செபரேட் பீஸ்’: ஒரு பழைய வார்டனின் கணக்கில்

ஏற்காட்டில் பள்ளி விடுதி வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஹாஸ்டல் கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. ஒன்று தலையணைச் சண்டை, இல்லாவிட்டால் பிரம்படி. ஜான் நோல்ஸ் எழுதி 1959ல் வந்த இந்த ஆங்கில நாவல் இரண்டிலும் சேரவில்லை. தான் படித்த எக்ஸிடர் பள்ளியைத்தான் அவர் டெவன் என்று பெயர் மாற்றி எழுதியிருக்கிறார்.

1942 கோடை, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர். பதினாறு வயசுப் பையன்கள், பதினெட்டானால் பட்டாளம். ஜீன் படிப்பாளி. அவனுடைய அறைத்தோழன் ஃபின்னி விளையாட்டில் சூரன், வாய் ஜாலத்தில் அதைவிடச் சூரன். பள்ளி டையை இடுப்பு பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டு விருந்துக்குப் போய், திட்டு வாங்காமல் திரும்புகிற ரகம். எந்த வார்டனுக்கும் இவனைத் தெரியும். தண்டிக்கத்தான் கூப்பிடுவோம், சிரித்துவிட்டு அனுப்புவோம்.

ஆற்றோர மரக்கிளையிலிருந்து தண்ணீரில் குதிப்பது இவர்களின் விளையாட்டு. ஒருநாள் இரண்டு பேரும் கிளைமேல் நிற்கும்போது ஜீனின் முழங்கால் மடங்குகிறது, கிளை ஆடுகிறது. ஃபின்னி கரையில் விழுந்து கால் நொறுங்கிப்போகிறது. கதையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது, அதற்குள் இது நடந்துவிடும்.

நோல்ஸ் கெட்டிக்காரர் என்று நான் ஒத்துக்கொண்டது அதற்குச் சற்று முந்தைய இடத்தில். என்னை முதல் மார்க் வாங்கவிடாமல் கெடுக்கத்தான் இவன் தினம் விளையாட இழுக்கிறான், இவனுக்கும் என்மேல் பொறாமை என்று ஜீன் கணக்குப் போட்டு நிம்மதியாக இருக்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, ஃபின்னிக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. ஜீனுக்குப் படிப்பு தானாக வருகிறது என்று நினைத்திருக்கிறான், அவ்வளவுதான். கிளை ஆடுவது அதற்குப் பிறகு. பொறாமைப்பட்டதை ஜீன் தாங்கிக்கொண்டான். எதிராளி பொறாமையே படவில்லை என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

என்னிடம் இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் ஓட்டக்காரன், இன்னொருவன் வகுப்பில் முதல். ஸ்டடி முடிந்து விளக்கு அணைக்கிற நேரத்தில் இந்த இரண்டாமவன் என் அறை வாசலில் வந்து நின்று, “சார், அவன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?” என்று கேட்பான். “இல்லையேடா” என்றால் முகம் சுருங்கிவிடும். திட்டியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பான் போல.

நீச்சல் குளக் காட்சியையும் சொல்ல வேண்டும். பள்ளியின் நீச்சல் சாதனையை ஃபின்னி முறியடிக்கிறான். ஜீன் கையில் ஸ்டாப் வாட்ச், வேறு சாட்சி இல்லை. இன்னொரு முறை எல்லோர் முன்னாலும் நீந்து என்கிறான் ஜீன். முடியாது, நீயும் யாரிடமும் சொல்லாதே என்கிறான் ஃபின்னி. மூன்று நான்கு பக்கம்தான், படிக்கிற நமக்கே அவன்மேல் எரிச்சல் வருகிறது.

பின்பாதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. யுத்தமே கட்டுக்கதை, கிழட்டுத் தடியர்கள் ஜோடித்தது என்று காலொடிந்த ஃபின்னி அடித்துப் பேசுவது அருமை. பனிச்சறுக்குப் படையில் சேர்ந்து மனம் பேதலித்துத் திரும்பும் இன்னொரு மாணவன் லெப்பரின் பகுதியும் உண்மையாக இருக்கிறது. ஆனால் ராத்திரி பையன்கள் கூடி ஜீனை விசாரிக்கும் காட்சி நாடக மேடை மாதிரி. நிஜ ஹாஸ்டலில் இவ்வளவு ஒழுங்காக யாரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள். பாதியில் ஒருவன் கொட்டாவி விடுவான். பெண்கள் கதையில் அனேகமாக இல்லை.

சேலத்தில் பழைய புத்தகமாக வாங்கிய என் பிரதியில் எழுத்து பொடி, பசை விட்டு நடுப்பக்கங்கள் கையோடு வந்தன. வாங்கும்முன் முதுகைப் பிரித்துப் பாருங்கள். மொழி கடினமில்லை, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை அகராதி வைத்துக்கொண்டு படித்துவிடும். முதல் அத்தியாயத்தில் பெரியவனான ஜீன் பள்ளியைச் சுற்றிப் பார்க்கிற பக்கங்கள் மட்டும் மெதுவாக நகரும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளையை விடுதியில் விட்டிருக்கும் அப்பா அம்மா முதலில் படித்துவிட்டுக் கொடுக்கலாம். ஃபின்னிக்கு முடிவில் நேர்வது சின்னப் பிள்ளைகளுக்குக் கனமாக இருக்கும். ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த விசாரணைக் காட்சி இல்லையென்றால் அரை கூட்டியிருப்பேன்.