கண் படத்துக்குச் சாய ஊசி: பினாங்கில் எங்களுக்கு நடந்தது

மலேசியாவின் பினாங்குத் தீவில் தனியார் கண் சிகிச்சைக்கு அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் கவனிக்கவும். பில்லில் 'இமேஜிங் பேக்கேஜ்' என்று ஒற்றை வரியில் தொகை போட்டுக் கொடுத்தால், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒற்றை வரியால் என் அம்மாவுக்கு வந்த தொல்லையைத்தான் எழுதுகிறேன். புகார் இன்னும் நடப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை.

அம்மாவுக்கு ரொம்ப வருஷமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). பார்வை மங்குகிறது, விழித்திரையில் கசிவு இருக்கலாம், சாயம் ஏற்றிப் படம் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதில் எனக்குக் குறையே இல்லை. ஃப்ளோரசீன் என்ற சாயத்தைக் கை நரம்பில் ஏற்றி, நீல வெளிச்சத்தில் விழித்திரையைப் படம் பிடித்தால், எந்த ரத்தக்குழாய் ஒழுகுகிறது, எது அடைத்திருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நோவாட்னியும் ஆல்விஸும் 1961இல் வெளியிட்ட முறை இது. உலகம் முழுக்க இன்றும் செய்கிறார்கள், பெரும்பாலானவர்கள் ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என் கோபம் சாயத்தின் மேல் இல்லை.

கவுண்டரில் ஒரு டேப்லெட்டை நீட்டி, "இங்க ஒரு சைன் ஆன்டி" என்றார்கள். திரை முழுக்க ஆங்கிலம். அம்மா படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில். என்ன ஊசி, என்ன ஆகலாம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மருந்து ஒவ்வாமை இருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை. பெனிசிலினுக்கு அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்த கதை அரசாங்க கிளினிக் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் அவர் மடியிலேயே இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடுவது அட்டனலோல். கடுமையான ஒவ்வாமை வந்து அட்ரினலின் போட வேண்டியிருந்தால், அந்த வகை மாத்திரை அட்ரினலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும்.

உள்ளே மிசிக்கு (நர்ஸுக்கு) நரம்பு கிடைக்கவில்லை. புறங்கையில் குத்தி, அது சரிவராமல் முழங்கை மடிப்பில் குத்தினார். மருந்து ஏற ஆரம்பித்ததும் "எரியுது, எரியுது" என்று அம்மா கையை இழுத்தார். "கொஞ்சம் பொறுத்துக்குங்க, முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே மிசி அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை மடிப்பு உப்பிக்கொண்டு வந்தது. சாயம் நரம்புக்கு வெளியே கசிந்திருக்கிறது. இந்த மருந்து நல்ல காரத்தன்மை உள்ளது, வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கிவிடும். உடனே ஊசியை நிறுத்த வேண்டும் என்று மருந்துடன் வரும் தாளிலேயே போட்டிருக்கிறது. நிறுத்தவில்லை. பாக்கியை ஏற்றிவிட்டுத்தான் எடுத்தார்.

அப்புறம் வாந்தி. அது இந்தச் சாயத்துக்குச் சகஜம்தான். ஊசி போட்ட ஓரிரண்டு நிமிஷத்தில் பலருக்குக் குமட்டும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அம்மா பயந்திருக்க மாட்டார். "எனக்கு என்னமோ ஆவுதுய்யா" என்று அவர் கையைப் பிடித்தபோது எனக்கே உதறிவிட்டது. படம் எடுத்து முடித்ததும் கொஞ்ச நேரம்கூட உட்காரவைக்கவில்லை, பணம் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பாலத்தில் கிராப் கார் பாதி தூரம் வரும்போது அரிப்பு ஆரம்பித்தது. கழுத்து, வயிறு எல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது. மருத்துவமனைக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வீட்டுக்குப் போகாமல் நேராக செபராங் பிறைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு விட்டோம்.

அங்கே இருந்த மலாய் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "என்ன சாயம் போட்டார்கள்?" ரசீதைக் காட்டினேன். 'இமேஜிங் பேக்கேஜ்'. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கண் படத்துக்கு இரண்டு சாயங்கள் உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒன்று ஃப்ளோரசீன், பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகப் போவது. இன்னொன்று இண்டோசயனின் கிரீன், கல்லீரல் வழியாகப் போவது, அயோடைடு கலந்தது. அம்மாவின் முகமோ மஞ்சளாகக் கிடந்தது, காமாலையா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் கழிப்பறைக்குப் போய்வந்த அம்மாவே வழி சொன்னார். ஹைலைட்டர் பேனா மை மாதிரி மஞ்சளாகப் போகிறது என்றார். அப்படியானால் ஃப்ளோரசீன்தான் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். தோல் மஞ்சள் 6 முதல் 12 மணி நேரத்தில் மங்கும், சிறுநீர் 24 முதல் 36 மணி நேரத்தில் சரியாகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். தடிப்புக்கு ஊசி போட்டு, கைக்குக் குளிர் ஒத்தடம் கொடுத்து, இரவு பாதி வரை படுக்கையில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அன்றைக்கு என் அம்மாவைக் கேள்வி கேட்டு விசாரித்தது அங்கேதான்.

(மறுநாள் பக்கத்து வீட்டு மாமா வந்து, சாயம் போட்டால் இனிப்பு நீர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும் என்று அம்மாவைக் குழப்பிவிட்டார். அந்தப் பேச்சு சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் சாயத்தைப் பற்றியது. ஃப்ளோரசீனில் அயோடின் கிடையாது. இறால் ஒத்துக்கொள்ளாது, அதனால் சாயமும் ஆகாது என்பதும் அப்படித்தான், சம்பந்தமில்லாத பேச்சு.)

இனி பணக் கதை. விவரப் பில் கேட்டு அலைந்து வாங்கினால் அதில் இரண்டு சாயமும் இருக்கிறது! இண்டோசயனின் கிரீனுக்கு மட்டும் 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். அம்மாவுக்குப் போட்டது ஒரே ஊசி மருந்து. படம் பதிந்த சிடி வட்டை வேறொரு கண் டாக்டரிடம் காட்டினேன். முழுக்க ஃப்ளோரசீன் படங்கள், பச்சைச் சாயத்துக்கு அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் படம் ஒன்றுகூட இல்லை என்றார். கடிதம் எழுதியதும் 'பதிவுப் பிழை' என்று அந்தத் தொகையைத் திருப்பினார்கள். நான் கேட்காமல் விட்டிருந்தால் அது பிழையாகவே ஆகியிருக்காது. கசிந்த பிறகும் ஏன் ஊசியை நிறுத்தவில்லை, ஒவ்வாமை ஏன் கேட்கவில்லை என்ற கேள்விகளுக்கு இதுவரை பதில் இல்லை.

அந்த இன்னொரு டாக்டர் ஊசியே இல்லாமல் ஓசிடி ஆஞ்சியோகிராபி என்று ஒன்று எடுத்தார். அதில் கசிவு தெரியாது, ரத்தக்குழாயின் அமைப்பு தெரியும். அம்மாவுக்கு இப்போதைக்கு அது போதும் என்றார். எல்லாருக்கும் போதாது, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சாயம்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஊசி அறையில் ஆக்சிஜனும் அட்ரினலினும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏறும்போது எரிந்தால் கையை இழுத்துக்கொண்டு நிறுத்தச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

புகாருக்கு வழி இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டப்படி, நோயாளி குறைகளை விசாரிக்க ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். முதலில் அங்கே எழுத்தில் கொடுங்கள். பிறகு சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு. மருந்தின் பக்கவிளைவை நோயாளியே நேரடியாக என்பிஆர்ஏவுக்கு (மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) தெரிவிக்கலாம், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. நான் மூன்றுக்கும் எழுதிவிட்டேன். இதே போன்ற 'பேக்கேஜ்' பில் உங்கள் வீட்டில் இருந்தால், விவரப் பில்லையும் சிடியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் போடாத ஊசிக்குப் பணம் கட்டினோமா என்று தெரியும்.