கல்லூரி ஆலோசகர், 14416, சினேகா, அரசு ஆஸ்பத்திரி: எதற்கு எங்கே போவது?

மனசு சரியில்லை என்றால் போவதற்குத் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு இன்று நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது எதற்கு உதவும் என்பதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. சுவரொட்டிகள் எல்லாம் "தயங்காமல் பேசுங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. பிள்ளைகள் தயங்கக் காரணம் இருக்கிறது: வீட்டுக்குப் போன் போகுமா, ஹெச்ஓடி (துறைத் தலைவர்) காதுக்கு எட்டுமா என்ற பயம். அதையே அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே இருப்பவர், காசு கேட்காதவர் கல்லூரி ஆலோசகர். 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் பல கல்லூரிகளில் இன்னமும் மாணவர்களைக் கவனிக்க ஒதுக்கப்பட்ட ஆசிரியரான மென்டர் சார்தான் எல்லாம். அவர் கையில் ஒரு நோட்டு இருக்கும். அட்டென்டன்ஸ் சதவீதம், இன்டர்னல் மார்க், அரியர் எத்தனை, அப்பா போன் நம்பர், கடைசிக் கட்டத்தில் மாணவர் கையெழுத்து. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது மேசையில் அடுக்கி வைக்கப்படுவதும் இதே நோட்டுதான். "ஒரு மாசமா தூக்கமே இல்ல சார்" என்று அதில் யார் பதிய விடுவார்கள்? 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்வது சிகிச்சை தரும் மருத்துவத் துறையினரை. தெர்மோடைனமிக்ஸ் எடுக்கும் மென்டரை அது கட்டுப்படுத்தாது.

ஆகவே உள்ளே போனதும் முதல் வேலை, "நான் சொல்றதை யார்கிட்ட எல்லாம் சொல்வீங்க?" என்று கேட்டுவிடுவது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டுக்குச் சொல்வேன் என்று நல்ல ஆலோசகர் நேராகப் பதில் தருவார். மழுப்பினால் அளந்து பேசுங்கள்.

இத்தனை குறை இருந்தும் இவரை ஒதுக்கிவிட முடியாது. விடுதி அறையை மாற்றித் தருவது, ராகிங் புகாரை மேலே கொண்டுபோவது, அட்டென்டன்ஸ் விவகாரம் எல்லாம் கல்லூரிக்குள் இருப்பவரால்தான் ஆகும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் நிற்பவர் மருத்துவக் காரணம் காட்டிச் சலுகை கேட்கலாம். அதற்கு முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. "டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கேன், சர்ட்டிபிகேட் இருக்கு" என்றால் போதும்.

போனுக்கு வருவோம். 14416, டெலி மானஸ். ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்றும் சொல்வார். கல்லூரிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. குறை என்னவென்றால், அடுத்த முறை அழைக்கும்போது வேறொருவர் எடுக்கலாம். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். நாலு பேர் படுக்கும் விடுதி அறையில் போனில் அழுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அறை காலியாகும் வரை காத்திருந்து பேசுகிறவர்கள் உண்டு.

சினேகா இதற்கு நேர்மாறான ரகம். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. எண் 044-24640050. எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. "நல்லா படிக்கிற பையன் இப்படி நினைக்கலாமா" என்ற உபதேசம் வராது; காது கொடுத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான். கொட்டித் தீர்த்தால் போதும் என்றால் சினேகா, அடுத்து என்ன செய்வது என்று தெரிய வேண்டுமானால் 14416. நான் இப்படித்தான் பிரிப்பேன்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை என்றால் பேச்சு மட்டும் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதே சரி. காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டும், அரை நாள் போய்விடும். கூட்டம் அதிகமான நாளில் மருத்துவர் நிறைய நேரம் ஒதுக்க மாட்டார். ஆனால் மருந்து இலவசம். மேலே சொன்ன சர்ட்டிபிகேட்டும் இங்கிருந்து வந்தால் கல்லூரியில் எடுபடும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே நாம் கிண்டலாக்கி வைத்திருக்கிறோம். அங்கே 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனைக்குப் போவதென்றால் இன்றும் பிள்ளைகள் கூசுகிறார்கள். கூச்சமாக இருந்தால் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே வரிசையில் நிற்பவருக்குக் காய்ச்சலா கவலையா என்று யாருக்குத் தெரியும்?

தனியாரிடம் நேரமும் ரகசியமும் கிடைக்கும், பணம்தான் இடிக்கும். 'கவுன்சிலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறிடம் பாருங்கள். மாத்திரை எழுதித்தருவது மனநல மருத்துவர் வேலை, சைக்காலஜிஸ்ட் எழுதக் கூடாது. சாட்பாட்டிடம் புலம்புவதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் அதை இந்தப் பட்டியலில் சேர்க்கவும் மாட்டேன்.

அறைத்தோழர் ஏதாவது செய்துகொண்டுவிட்டார் என்றால் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். உடனே 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து நேரத்தை வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடுவார்கள், அது வழக்கமான நடைமுறை. முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-வது பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.