லேப்பம்ஸ் குவார்ட்டர்லி: ஒரே மூச்சுல படிச்சா வீணாப் போற பத்திரிகை

வரலாறும் சிந்தனையும்னு அட்டையிலயே போட்டுக்கிட்டு வந்த அமெரிக்கப் பத்திரிகை இது. ஹார்ப்பர்ஸ் மாத இதழை கிட்டத்தட்ட முப்பது வருஷம் நடத்தின லூயிஸ் லேப்பம், அங்கருந்து வெளிய வந்து 2007ல, எழுபது வயசு தாண்டினப்புறம் ஆரம்பிச்சது. நம்மாளுங்க அந்த வயசுல பேரனுக்காக ஸ்கூல் வாசல்ல நிப்பாங்க, மனுஷன் புதுசா பத்திரிகை போட்டிருக்கார்.

மூணு மாசத்துக்கு ஒரு இதழ், ஒரு இதழ் முழுக்க ஒரே தலைப்பு. முதல் இதழ் போர், அப்புறம் பணம், பயணம், மருத்துவம், சாப்பாடு, கடல், சாவு, போதை, மோசடின்னு போகும். இருநூறு பக்கத்துக்கு மேல, நல்ல பேப்பர், கலர்ல ஓவியம் போட்டோ எல்லாம் இருக்கும், கைல எடுத்தா பத்திரிகை மாதிரியே இருக்காது, புக்கு தான்.

நடுப்பகுதி தான் விஷயமே. அதுல புதுசா எழுதினது கிடையாது, ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷமா யார் யாரோ எழுதி வச்சதுல இருந்து வெட்டி எடுத்த துண்டுங்க, சிலது ரெண்டு மூணு பக்கம் சிலது அரைப்பக்கம், மேல வருஷமும் ஊரும் போட்டிருக்கும், ஆனா வருஷ வரிசைப்படி வராது. ரோம்ல அந்தக் காலத்துத் தத்துவக்காரர் செனெகா பேசிட்டு இருப்பார், பக்கத்தைத் திருப்பினா அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், அடுத்து ஆயிரம் வருஷம் முன்னாடி ஜப்பான் அரண்மனைல இருந்த எழுத்தாளர் அம்மா செய் ஷோனகான். இவங்களைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிருக்கறதுலயே ஒரு வாதம் இருக்கு, எடிட்டர் வாயைத் திறக்காமலே சண்டை மூட்டி விட்டுட்டுப் போயிடறார்.

இன்னொண்ணு ரொம்பப் பிடிச்சது, எழுதினவர் பத்தின குறிப்பு ஒவ்வொரு துண்டுக்கும் கடைசில தான் வரும். நம்ம ஊர் தொகுப்புல எல்லாம் இன்னார் இந்த ஊர்ல பொறந்தார் இந்தப் பட்டம் வாங்கினார்னு ஆரம்பிச்சு, மேட்டருக்கு வர்றதுக்குள்ள நமக்குக் கொட்டாவி வந்துடும். இதுல முதல்ல எழுத்தைப் படிச்சு நீங்களா ஒரு முடிவுக்கு வந்துடறீங்க, அப்புறம் கீழ சின்ன எழுத்துல நாலஞ்சு வரில இந்தாள் அப்போ ஜெயில்ல இருந்தான், இல்ல அடுத்த வருஷமே செத்துட்டான்னு போட்டிருப்பாங்க, உடனே மறுபடி மேல போய் படிக்கணும்னு தோணும். அந்தக் குறிப்பு எழுதறவங்களுக்கே தனியா சம்பளம் ஏத்தலாம்.

குறைன்னா, ஒவ்வொரு இதழ் ஆரம்பத்துலயும் லேப்பம் எழுதின முன்னுரை. இங்கிலீஷ் அபாரம் தான், ஆனா எந்தத் தலைப்பா இருந்தாலும் அமெரிக்கா பணக்காரங்க கைக்குப் போயிடுச்சுங்கற இடத்துக்கு வந்து சேந்துடுவார், நாலஞ்சு இதழ் படிச்சா போதும், அடுத்து எங்க திரும்புவார்னு நமக்கே தெரிஞ்சிடும். பின்னாடி வர்ற புதுக் கட்டுரைங்க ஓகே ரகம். சில துண்டு சூடு பிடிக்கற நேரத்துல டக்னு முடிஞ்சிடுது, கடுப்பாகும். சீனா, அரபு நாடு, இந்தியான்னு எல்லாம் வந்தாலும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தான் அதிகம். கடல், வணிகம்னு இதழ் போடறவங்க சங்கப் பாட்டுப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாத்திருந்தா பட்டினப்பாலைல புகார் துறைமுகத்துல மூட்டை மூட்டையா சரக்கு இறங்கறதும், அதுல சுங்கக்காரங்க புலி முத்திரை குத்தறதும் அப்படியே கிடைச்சிருக்கும், மொழிபெயர்ப்பு கூட ரெடியா இருக்கு.

2023ல காசு இல்லாம அச்சு நின்னு போச்சு, 2024 ஜூலைல லேப்பம் 89 வயசுல ரோம்ல காலமாயிட்டார். அப்புறம் அமெரிக்காவுல பார்ட் காலேஜ்ல இருக்கற ஹன்னா அரெண்ட் சென்டர்ங்கற ஆய்வு மையம் இதைக் கையில எடுத்திருக்கு. அவர் இல்லாம அந்த வெட்டு ஒட்டு ருசி நிக்குமாங்கறது தான் என் சந்தேகம், முன்னுரை போனா போகட்டும்.

பழைய இதழ் இங்க வரவழைக்கணும்னா தபால் செலவு இதழ் விலையைத் தொட்டுடும், அதனால முதல்ல அவங்க சைட்ல ஓசில கிடைக்கற துண்டுகளைப் படிச்சுப் பாருங்க, ஒத்து வந்தா மட்டும் வாங்குங்க. வரலாற்று ஆசிரியர்களோட லேப்பம் பேசின பாட்காஸ்ட்டும் இருக்கு, பஸ்ல கேக்க தோது. புக்கா வாங்கறதுன்னா பயணம் இல்லேன்னா சாப்பாடு இதழ்ல ஆரம்பிங்க, முதல் போணியே சாவுல வேண்டாம். மோசடி இதழ் என்கிட்ட இருக்கு, ஆனா இரவல் கேக்காதீங்க.